ஊர் பேர் சொல்லும் ரேடியோ

ஒரு ரேடியோ நிலையம் நல்லதா, மட்டமா என்று எப்படித் தீர்மானிப்பது? எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது விளம்பரக்காரர்களின் வழி. ஒரு நாவல் எத்தனை பிரதி விற்றது என்ற கணக்கு அந்த நாவலைப் பற்றி என்ன சொல்லுமோ, அதற்கு மேல் இந்தக் கணக்கும் சொல்லாது. என் அளவுகோல் வேறு. கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கேட்டால், இது எந்த ஊர் ரேடியோ என்று சொல்ல முடிகிறதா? பெரும்பாலும் பிற ஊர் ரேடியோக்களைக் கேட்டே வளர்ந்த கள்ளக்குறிச்சி போன்ற ஊரிலிருந்து பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

தொடக்கத்தில் ரேடியோ பட்டணத்துச் சமாசாரமாகத்தான் இருந்தது. 1924-இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் ஒரு ரேடியோ சங்கம் ஒலிபரப்பு ஆரம்பித்தது. பணமில்லாமல் 1927-இல் மூடப்பட்டது. 1930-இல் நகரசபை அந்த வேலையை ஏற்றுக்கொண்டு, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களுக்குப் பாட்டுக் கேட்க வகை செய்தது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய ரேடியோ நிலையங்கள் வந்தன.

சர்க்கார் ரேடியோவுக்குச் சரஸ்வதி கடாட்சம் இருந்தது. ஆனால் வாத்தியார் குணமும் கூடவே இருந்தது. 1952-இல் ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர் சினிமாப் பாட்டை வெட்டிச் சுருக்கினார். பட முதலாளிகளோடு தகராறும் சேர்ந்துகொள்ள, பாட்டு ஏறக்குறைய நின்றே போயிற்று. சங்கீதத்தை உயர்த்த நினைத்தது தவறல்ல. கேட்பவன் கையில் ஒரு திருகு இருக்கிறது என்பதை மறந்ததுதான் தவறு. ஜனங்கள் அதைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தார்கள். அதன் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் ஆரம்பமாகியிருந்தது. எஸ்.பி. மயில்வாகனனின் குரல் கடல் தாண்டி வந்து நம் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்துகொண்டது. பாட்டு மட்டுமா காரணம்? தபால் அட்டை போட்டவர்களின் பேரையும் ஊரையும் கொழும்பிலிருந்து வாசித்தார்களே, அதுவும் காரணம். படத்தில் இல்லாத குக்கிராமத்தின் பேர் ஆகாயத்தில் ஒலித்தது!

1957-இல் விவித பாரதி பிறந்தது இந்தப் போட்டியால்தான். பத்து வருஷம் கழித்து இங்கிலாந்திலும் இதே கதை நடந்தது. அங்கே இளைஞர்கள் விரும்பிய ராக் சங்கீதத்தை பி.பி.சி. அளந்து அளந்து கொடுத்தது. 1964-இல் ரேடியோ கரோலைன் என்ற நிலையம் நடுக்கடலில் கப்பலில் நின்றுகொண்டு ஒலிபரப்பியது. 1967-இல் சட்டம் போட்டுக் கப்பல் ரேடியோக்களைத் தடுத்த கையோடு, பி.பி.சி. தானே அந்தச் சங்கீதத்துக்கு ஒரு நிலையம் திறந்தது. மேல்நாட்டு நகரங்களில் ராக் நிலையம் இளைஞர்களுக்கு என்னவோ, அதுதான் நமக்குச் சினிமாப் பாட்டு நிலையம்.

சர்க்கார் ரேடியோவையே குறை சொல்வது நியாயமாகாது. 1960-களில் திருச்சி நிலையம் விவசாயிகளோடு விவசாயிகளின் பாஷையில் பேசியது. ஆடுதுறை 27 என்ற புது நெல்லை அது வயலுக்கு வயல் பரப்பிய விதத்தைக் கண்டு, தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். ஒரு ரேடியோவுக்கு இதைவிட நல்ல விமரிசனம் வேண்டுமா?

பிறகு தனியார் எஃப்.எம். வந்தது. முதல் சுற்றில், வருஷா வருஷம் ஏறும் லைசென்ஸ் கட்டணம் பல கம்பெனிகளைத் திணற அடித்தது. 2005-இல் வருமானத்தில் பங்கு என்று விதி மாறிய பிறகு, திருச்சி, புதுச்சேரி போன்ற ஊர்களுக்கும் நிலையங்கள் வந்தன. சூரியன், ஹலோ என்று பேர்கள் வேறு. பாட்டு ஒன்று, சிரிப்பு ஒன்று. ஊருக்கு ஊர் நிலையம் வந்தும் ஊர் வரவில்லை! இதற்கு அறிவிப்பாளர்களை மட்டும் நொந்து பயனில்லை. தனியார் நிலையம் தானாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது விதி. அகில இந்திய ரேடியோவின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்ய மட்டும் அனுமதி உண்டு. மணிக்குப் பத்து நிமிஷம் செய்திக்கு இடம் கொடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் சிபாரிசு செய்தது. வாயைக் கட்டிவிட்டு, ஏன் வெறும் பாட்டே பாடுகிறாய் என்று கேட்பதில் என்ன அர்த்தம்?

கல்வராயன் மலைக்கு இது இரட்டை நஷ்டம். ஜாகீர்தார்கள் கையில் இருந்த அந்த மலை, அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்ததே 1976-இல்தான். மத்திய அலை தரையோடு தவழ்ந்து வரும். இரவில் வானத்தில் பட்டுத் திரும்பியும் வரும். எஃப்.எம். அலையோ நேர்க்கோட்டில் போவது. மலை குறுக்கிட்டால் அதன் மறைவில் இருக்கும் பள்ளத்துக்கு எட்டாது. வெள்ளிமலைக்குக் கொழும்பு கிட்டே இருந்த காலம் ஒன்று. புதுச்சேரி தூரமாகிவிட்ட காலம் ஒன்று.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன போது, அந்த ஊர்ப் பேர் தேசம் முழுவதும் கேட்டது. சாவு விழுந்தால்தான் ஒரு சிற்றூரின் பேர் ஒலிக்கும் என்றால், அந்த நாட்டின் ஒலிபரப்பில் ஏதோ பழுது இருக்கிறது. சாராயத்தைப் பற்றியும், ஆஸ்பத்திரியைப் பற்றியும், கரும்பு விலையைப் பற்றியும் தினந்தோறும் உள்ளூர்க் குரலில் பேச ஓர் இடம் வேண்டாமா?

முடியாத காரியமல்ல. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் வளாக ரேடியோ தொடங்கி வழி காட்டியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2016-இல் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை, மீனவர்களுக்காக அமைந்தது. காற்றும் கடலும் அதன் பேச்சு. சமுதாய ரேடியோ பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குத்தான் எட்டும். எட்டினால் போதும். நல்ல நாவல் ஒரு தெருவைச் சரியாகச் சொன்னால், உலகம் தானே வந்து கேட்கிறது. ரேடியோவுக்கும் அதே தர்மம்தான். முதலில் பக்கத்து வீட்டுக்காரன், "இது நம்ம ஊர்" என்று நிமிர்ந்து உட்கார வேண்டும்.