ஈ, தா, கொடு: வேண்டுகோள் மடல்களின் மொழிநிலை

1. முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த களக்காடு வாழைக்குப் பேர்போன ஊராகும். ஆங்கு விளையும் ஏத்தன் வாழைத்தார்கள் மலை கடந்து கேரளச் சந்தைகளுக்கும் செல்கின்றன. இத்தகைய ஊரில் நாள்தோறும் எழுதப்பெறும் மடல்கள் பல. விலை கேட்டு வெளியூர் வணிகர்க்கு எழுதுவர். நிலுவை கேட்டுத் தரகர்க்கு எழுதுவர். களக்காடு, முண்டந்துறை ஆகிய சரணாலயங்களை இணைத்து 1988இல் அமைக்கப்பெற்ற புலிகள் காப்பகத்தை ஒட்டிய நிலங்களில் காட்டுப்பன்றி விளைவை அழித்தவிடத்து, இழப்பீடு வேண்டி வனத்துறைக்கு எழுதுவர். இவை யாவும் வேண்டுகோள் மடல்களே. இலக்கியமென எவரும் இவற்றைப் போற்றுவதில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருவாய் சிற்சில வேளைகளில் இவற்றுள் ஒன்றைப் பற்றி நிற்றல் கூடும். ஆதலின், இம்மடல்களின் மொழி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனைத் தமிழிலக்கண, இலக்கிய மரபு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2. மூன்று சொற்கள்

ஒன்றனைக் கேட்டற்குரிய சொற்கள் ஈ, தா, கொடு என மூன்று என்பதும், இழிந்தோன் ஈ என்றும், ஒப்போன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கூறுதல் மரபு என்பதும் தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியலால் அறியப்படும். இவ்விதியைச் சொல்வழக்குப் பற்றிய சிறு குறிப்பாகவே பலரும் படித்துக் கடந்து செல்வர். யாம் இதன்கண் இரண்டு செய்திகளைக் காண்கின்றோம்.

ஒன்று: இம்மூன்றனையும் ஆசிரியர் இரவின் கிளவி என ஒருங்கே வைத்தமை. உயர்ந்தோன் கேட்பதும் இரவே. ஒப்போன் கேட்பதும் இரவே. கேட்டல் என்னும் செயல் தன்னளவில் ஒருவனைத் தாழ்த்துவதன்று என்பது இதனால் பெறப்படும். மற்றொன்று: ஒப்போர்க்கெனத் தனிச்சொல் ஒன்று வகுத்தமை. இருவர் நிகராக நின்று ஒருவரை ஒருவர் கேட்கும் நிலை வழக்கில் இல்லையாயின் அதற்கு இலக்கணம் தோன்றியிராது. வணிகர்க்கு வணிகர் விலை கேட்பதும், குடிமகன் சட்டம் தனக்கு அளித்ததனை அலுவலகத்தில் கேட்பதும் இந்நிலையின்பாற் பட்டனவே. எனின், நாள்முறை வேண்டுகோளுக்கு உரிய சொல் தா என்பதே, ஈ என்பதன்று. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

3. திருமுகப் பாசுரம்

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள பழைய வேண்டுகோள் மடல்களுள் தலைசிறந்தது பதினோராந் திருமுறையின் முதற்கண் உள்ள திருமுகப் பாசுரம். பாணபத்திரர்க்குப் பொருள் கொடுக்குமாறு ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாக வழங்குவது. சமயச் சிறப்பு ஒருபுறம் நிற்க, இதனை ஒரு மடலாக மட்டும் நோக்குவாம்.

முதற்கண் எழுதுவோன் இன்னான், அவன் இடம் இன்னது என்பது தெரிவிக்கப்படுகின்றது. அடுத்துப் பெறுவோன் விளிக்கப்படுகின்றான். அவனைப் பாராட்டும் மொழியும் உண்டு. ஆயின் அப்பாராட்டு வெறும் முகமன் அன்று. பாவலர்க்கு மழைபோல் வழங்குபவன் என அவனைக் குறிப்பது, பின்னர் வரும் வேண்டுகோளுக்கே காரணமாய் அமைகின்றது. அதன்பின் மடல் கொணர்வோன் யாழ்வல்லவன் என்பதும், சேரமானைப் போன்றே எழுதுவோன்பால் அன்புடையவன் என்பதும் கூறப்படுகின்றன. இறுதியில், பொருள் கொடுத்து அனுப்புக என்னும் வேண்டுகோள் ஓரடியில் முடிகின்றது. மிகைபடக் கூறல் யாண்டும் இல்லை.

ஈண்டு ஆளப்பெற்ற வினை கொடு என்பது நோக்கத்தக்கது. கேட்போன் உயர்ந்தோன், பொருள் பெறுவோன் படர்க்கையான். தரவு என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடை என்பது படர்க்கைக்கு உரியது என்னும் தொல்காப்பிய மரபும், உயர்ந்தோன் கூற்றுக் கொடு என்னும் மரபும் ஒருங்கே பொருந்தி வந்துள்ளன. யார், யாரிடம், யாருக்காகக் கேட்கின்றார் என்பதனை ஒரு வினைச்சொல்லே உணர்த்திவிடுகின்றது.

4. சான்றுடன் கேட்டல்

வேள்விக்குடிச் செப்பேடு மற்றொரு வகைக்குச் சான்றாகும். கி.பி. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனிடம் கொற்கைகிழான் நற்சிங்கன் என்பான் முறையிட்ட செய்தியை அது கூறும். முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோர்க்கு அளித்த ஊர் களப்பிரரால் கவரப்பட்டது என்பது அவன் முறையீடு. அரசன் அவ்வுரிமையின் பழைமையைக் காட்டுமாறு கூறினான், அவன் காட்டினான், ஊர் மீண்டும் வழங்கப்பெற்றது. நற்சிங்கன் கேட்டது கொடை அன்று, இழந்த உரிமை. எது தனக்குரியது, யார் அளித்தது, எவ்வாறு இழந்தது என்னும் மூன்றும் அவன் கூற்றில் இருந்தன. அரசன் கேட்டதும் புகழ்ச்சியை அன்று, சான்றினையே. இன்று காட்டுப்பன்றியால் விளைவிழந்த உழவர் எழுதும் மடலும் இவ்வகையினதே. நிலத்தின் புல எண், அழிவு நேர்ந்த நாள், அழிந்த வாழைகளின் எண்ணிக்கை ஆகியவை அதன்கண் இருத்தல் வேண்டும்.

5. பாரதியாரின் சீட்டுக்கவி

சீட்டுக்கவி என்னும் வகை, புலவர் தம் வேண்டுகோளைச் செய்யுளாக எழுதி விடுப்பது. அதன்கண் புலவர் தம் பெருமையைத் தாமே கூறிக்கொள்ளுதலும் மரபு. பொருளால் நிகரல்லாதார் புலமையால் நிகராக நின்று கேட்டற்கு இம்மரபு இடந்தந்தது எனலாம். கடையத்தில் வாழ்ந்த காலத்து, 1919 மே மாதத்தில், எட்டயபுரத்து அரசர்க்குப் பாரதியார் எழுதிய சீட்டுக்கவி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தமிழறிந்த மன்னர் இல்லை என்னும் வசை அரசரால் நீங்கியது என்பார். கவியரசர் இல்லை என்னும் வசை தம்மால் நீங்கியது என்று உடன் வைப்பார். இருவரும் ஒரு தட்டில் நிற்கின்றனர். இஃது ஒப்போன் குரல் என்பதில் ஐயமில்லை.

எனினும் வேண்டுகோள் என்ற அளவில் நோக்கின் இதன்கண் ஒரு குறை உண்டு. சால்வையும் பொற்பையும் பல்லக்கும் பரிவாரமும் கேட்கப்படுகின்றன. அவை பரிசில் மரபின் சொற்கள். இன்ன தொகை, இன்ன பயனுக்கு, இன்ன நாளில் என்பது இல்லை. சிறையினின்று 1918 இறுதியில் வெளிவந்து வறுமையில் உழன்ற கவிஞரின் உண்மைத் தேவை யாது என்பதனை அம்மடல் கொண்டு ஒருவர் அறிதல் அரிது. பதினான்கு வயதில், 1897இல், தம் கல்விக்கு உதவி வேண்டி அவ்வரண்மனைக்கே அவர் எழுதிய செய்யுளில் நோக்கம் தெளிவாக உள்ளது. கவிதையால் பின்னதே சிறந்தது என எவரும் கூறார். மடலால் அதுவே சிறந்தது என்பது எம் கருத்து. நிகராக நிற்றல் மட்டும் போதாது; கேட்பது இன்னதெனத் தெளிதலும் வேண்டும்.

6. இன்றைய மடல்

ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் இயற்றப்பெற்ற பின்னர், அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்னும் அமைப்பு அலுவலக மடல்களில் நிலைபெற்றது. இவ்வமைப்பு நன்றே, திருமுகப் பாசுரத்தில் கண்ட முறையின் தொடர்ச்சி எனவும் கூறலாம். குறை இதன்கண் அன்று. உள்ளே எழுதப்பெறும் உரைநடையின்கண்ணே உள்ளது. ஆய்வின்பொருட்டு யாமே அமைத்துக்கொண்ட ஒரு மடலை நோக்குவாம்:

'தங்கள் மேலான சமூகத்திற்குத் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது யாதெனில், யாங்கள் நெடுங்காலமாக வாழை வணிகம் செய்து வருகின்றோம். தற்சமயம் சரக்கு உள்ளது. தாங்கள் பெரிய மனது வைத்து விலை விவரம் தெரிவித்தால் நன்றியுடையோம்.'

இதனைப் படிக்கும் வணிகர் விடையிறுக்க இயலாது. எவ்வகை வாழை? எத்தனை தார்? எந்நாளைய விலை? மூன்று வினாக்களை அவர் திரும்ப எழுதிக் கேட்டறிவதற்குள் தார் பழுத்துவிடும். பணிவு நிரம்பிய இம்மடல் உண்மையில் பெறுவோர்க்கு வேலை வைக்கின்றது. அதனையே இவ்வாறு எழுதின் எங்ஙனம் இருக்கும்?

'ஏத்தன் வாழைத்தார் இருநூறு வரும் வெள்ளியன்று வெட்ட உள்ளோம். தங்கள் சந்தையின் கிலோ விலை, இறக்குகூலி, தரகு ஆகிய மூன்றனையும் புதன்கிழமைக்குள் எழுதித் தருக. விலை ஒத்துவரின் வியாழனன்று லாரி ஏற்பாடு செய்வோம். தங்கள் உதவிக்கு நன்றி.'

ஈண்டுத் 'தருக' என்பது தா என்னும் ஒப்போன் சொல். அதனோடு புணர்ந்தது வியங்கோள் ஈறு. வியங்கோள் முன்னிலைக்கண் வாராது என்றார் தொல்காப்பியர். மூவிடத்தும் வரும் என்றார் நன்னூலார். வழக்கு மாறியதற்கேற்ப இலக்கணமும் விரிந்தது. அவ்விரிவின் பயனாக, ஏவலின் கடுமையும் இன்றி, இரத்தலின் குழைவும் இன்றி நேர்நின்று கேட்கும் வடிவம் ஒன்று தமிழ்க்கு வாய்த்துள்ளது. 'தா' எனின் மரியாதை குன்றும் என அஞ்சுவார்க்குத் 'தருக' என்பதே விடை.

திருமுகத்தில் வேண்டுகோள் இறுதியில் நிற்க, இன்று முன்னே வைத்தல் மரபுக்கு மாறன்றோ எனின், அன்று. அது மிகச் சிறிய மடல். கொணர்ந்தோனும் எதிரே நின்றான். இன்றைய அலுவலகத்தார் ஒருநாளில் பற்பல மடல்களைப் புரட்டுவர். இடம் மாறலாம், தெளிவு மாறலாகாது.

7. முடிவுரை

மனு எழுதுவோர்க்குக் கூலி கொடுத்து, தாம் படித்தறியாத புகழ்ச்சித் தொடர்களின் கீழ்க் கையொப்பமிடும் எளிய மக்கள் இன்றும் உளர். திங்கள்தோறும் அன்று, கிழமை தவறாது, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நிகழும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அவர்களைக் காணலாம். அவர்கள் கேட்பது ஈகை அன்று, தமக்குரியது. அதனை ஈ என்னும் குரலில் கேட்கப் பழக்கியது தமிழ் அன்று, பிற்காலத்துப் பழக்கமே. சீட்டுக்கவியைப் பாடமாக வைக்கும் தமிழ்த்துறைகள், நற்சிங்கன் முறையீட்டையும் திருமுகத்தின் அமைப்பையும் மடலெழுதும் பயிற்சியாகவும் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும். யார் கேட்கின்றார், யாது கேட்கின்றார், ஏன், எந்நாளுக்குள் என்னும் நான்கும் அமைந்து, 'தருக' என முடியும் ஒரு மடலை எழுதத் தெரிந்த மாணவன், தன் ஊரார்க்குப் பெரும்பயன் செய்தவன் ஆவான்.