அருகுக்கு ஏற்ற கத்தி

கொரியன் புல்லை நான் குறை சொல்லமாட்டேன். சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் புது வீடு கட்டுகிறவர்கள் அதையே கேட்டு வாங்குவதில் நியாயம் உண்டு. காலுக்கு மெத்தென்று இருக்கும், மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்டவும் வேண்டாம். ஆனால் சில வருடங்களில் அது திட்டுத் திட்டாக மேடு கட்டிக்கொள்வதைப் பார்த்தவர்கள் என் பக்கம் வந்துவிடுவார்கள். தாம்பரத்துச் சரளை மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் அருகுதான் புல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றபோது அருகும் வைக்கோல் நிறத்துக்குப் போனது. மழை விழுந்ததும், மண்ணுக்குள் கிடந்த தண்டு கணுவுக்குக் கணு துளிர்த்துக் கிளம்பிவிட்டது. மாமரத்து நிழலில் மட்டும் அருகை வற்புறுத்தக் கூடாது. அந்த இடத்தைப் பஃபலோ புல்லுக்கு விட்டுவிடலாம்.

அருகின் அழகெல்லாம் வெட்டில் இருக்கிறது. அதற்கென்று பிறந்தது, கையால் தள்ளிக்கொண்டு போகும் உருளைக் கத்தி மெஷின். சுழலும் கத்திகள் அசையாத கீழ்க்கத்தியோடு உரசி, கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்கும். 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் ஊரில் எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் பிசிறை மழிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டுதான் இதை உருவாக்கினார். துணிக்காக யோசித்த நுணுக்கம் அப்படியே புல்லுக்கு வந்துவிட்டது. நறுக்கிய நுனி பழுக்காமல் பச்சையாகவே நிற்கும்.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு பெரியவர் வெட்டுவதைச் சிறுவயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பனி காயும்வரை மெஷினைத் தொடமாட்டார். முதலில் தென்னந்துடைப்பத்தால் புல் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகக் கூட்டுவார். படர்ந்து கிடக்கும் ஓடுதண்டுகள் தலை தூக்கும். பிறகு தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கத்திகளுக்கு நடுவே கொடுத்து உருளையைக் கையால் திருப்புவார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தாள் சீராக அறுபட வேண்டும். எங்காவது மடங்கினால் திருகாணியை இன்னும் கொஞ்சம் முடுக்குவார். சென்ற முறை கிழக்கு மேற்காக வெட்டியிருந்தால் இந்த முறை வடக்கு தெற்கு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் எடுத்ததே இல்லை. அருகு உயர வளர்ந்துவிட்டால் பச்சை மேலே மட்டும்தான் நிற்கும். அதை ஒட்ட வெட்டினால் மிஞ்சுவது பழுப்புக் காம்பு. அதனால் மழைக்காலத்தில் வாரம் இருமுறை வருவார். இன்றும் முக்கால் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடையில் நிற்கும் அருகைக் கண்டால் எனக்கு அவர் கைதான் நினைவுக்கு வரும்.

இப்போது மாதம் ஒருமுறை ஆள் வருகிறார், தோளில் நைலான் ஒயர் மெஷினோடு. அது வரப்போரக் களைக்குச் சரி. புல்தரையில் நுனியை நாராகக் கிழித்துவிடும். மறுநாள் தரை முழுக்க வெளுத்துத் தெரியும். உடனே உரம் போதவில்லை என்று யூரியாவை வாரி இறைத்து, தண்ணீரை மேலாகத் தெளித்துப் புல்லைக் கருக்குகிறார்கள். ஊறும்படி விட்டு, மண் காய்ந்தபின் மறுபடி விட்டால் வேர் ஆழம் தேடிப் போகும். அந்தப் பொறுமை போய்விட்டது. வருடா வருடம் கொட்டும் செம்மண்ணையும் யாரும் சலித்துப் பார்ப்பதில்லை. லோடோடு கோரைக்கிழங்கும் வந்து இறங்குகிறது. பிறகு காலமெல்லாம் களைக்கொத்தியோடு உட்கார வேண்டியதுதான்.

உருளை மெஷினுக்குச் சாணை பிடிக்க ஆளில்லை என்பார்கள். வண்டிப் பட்டறையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் கிடைக்கும். அதைக் கத்திகளில் தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால் கூர்மை திரும்பிவிடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மெஷின் எப்போதாவது கண்ணில் பட்டால், கீழ்க்கத்தி வளைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வளையாமல் இருந்தால் தயங்காமல் விலை பேசலாம். மேல் துரு ஒரு பொருட்டே இல்லை.