வெட்டப்பட்ட கிளை

கரையாம்புத்தூரில் அண்மையில் நடந்த ஒரு திருமணத்தில், தாம்பூலப் பையோடு அச்சிட்ட தாள் ஒன்றையும் நமக்குத் தந்தனர். "எங்கள் குலமரம்" என்பது தலைப்பு. பதினொரு தலைமுறை, வண்ண அச்சு. முன்னோரைத் தேடிக் கண்டு, கண்டதை உற்றாருக்கு வழங்குவது போற்றத்தக்க பணியே. ஆயினும் அச்சேறியது எதுவும் ஆய்வுக்கு உரியதுதான். ஒரு நூலைப் படிப்பதுபோல் அதனையும் படித்தோம்.

மரத்தின் அடியில் ஒரு முனிவர் அமர்ந்திருக்கிறார். அவருக்கும் முதல் பாட்டனாருக்கும் இடையே ஒரு புள்ளிக்கோடு. எத்தனை நூற்றாண்டுகளை அப்புள்ளிகள் விழுங்கினவோ!

இது புதிய பழக்கமன்று. நம் பாகூர்ச் செப்பேடே சான்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை வழங்கியதைச் சொல்ல வந்தது அது. கொடையைச் சொல்லுமுன், நான்முகன், துரோணர், அசுவத்தாமன் என்று வானத்திலிருந்து இறங்கித்தான் பல்லவனை வந்தடைகிறது. அந்த ஊர்களில் உழுதவரின் குலவரிசையை எவரும் செம்பில் பொறிக்கவில்லை.

செயங்கொண்டாரும் கலிங்கத்துப்பரணியில் 'இராச பாரம்பரியம்' பாடி, குலோத்துங்கனைத் திருமாலோடு தொடுத்தார். அந்தக் குலோத்துங்கனோ தாய்வழியில் சோழ அரியணை ஏறியவன்! தந்தை கீழைச் சாளுக்கியர். தாய், இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கை. பெண்ணை நீக்கிவிட்டால் பரணிக்குப் பாட்டுடைத் தலைவனே இல்லை.

நம் கையிலுள்ள தாள் அதைச் செய்துவிட்டது. பதினொரு தலைமுறையில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. வாயிலில் நின்று நம்மை வரவேற்ற மணமகனின் தாயார்கூட இல்லை. பிறப்புப் பதிவேடுகளைப் பார்த்தே எழுதியதாக அடிக்குறிப்பு கூறுகிறது. பிரெஞ்சு ஆட்சியின் பதிவேட்டில் தந்தையின் பெயரோடு தாயின் பெயரும் இருக்குமே! பக்கத்து வரியில் இருந்ததைப் படித்தும் விட்டுவிட்டவரை மறதிக்காரர் என்று எப்படிச் சொல்வது?

தாயின் பெயருக்கு இல்லாத இடம் சாதிப் பட்டத்துக்குக் கிடைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆணின் பெயருக்கும் ஒரு வால். இதே புதுவை மண்ணில், 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் சூடினார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, 'லாப்போர்த்' ஆனார். (பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.) சாதிப் பட்டத்தைத் துறக்குமாறு 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு கூறியதற்கு 48 ஆண்டுகள் முன்பு நடந்தது இது. தமிழன் அயல்மொழிப் பெயர் பூண்டது நமக்கு உவப்பன்று. எனினும் வாலை வெட்டிய துணிவு பெரிது.

தாளில் நம்மை நெடுநேரம் நிறுத்திய இடம் வேறு. ஆறாம் தலைமுறையில் இளையவர் ஒருவருக்கு எதிரே 'கப்பலேறினார்' என்று ஒரே ஒரு சொல். கிளை அங்கே வெட்டப்பட்டிருக்கிறது.

எந்தக் கப்பல்? பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டோர் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் இறக்கப்பட்டனர். குவாதலூப்புக்கு மட்டும் 1854 முதல் 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போயினர். இங்கே தந்தை பெயராக இருந்தது அங்கே குடும்பப் பெயராக உறைந்தது. இந்திய வழியினருக்குக் குடியுரிமை கோரி 1904 முதல் 1923 வரை அத்தீவில் வழக்காடி வென்ற ஆன்றி சிதம்பரத்தின் பெயரைப் பாருங்கள்: அது நம் சிதம்பரமேதான், வால்தான் இல்லை. அவ்வழி வந்தவர் ஒருவர் தம் கிளையைத் தேடிக் கரையாம்புத்தூருக்கு வந்தால், இந்தத் தாள் அவருக்கு என்ன சொல்லும்?

பந்தியில் நம் அருகே ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். மணமகனின் பாட்டனாருக்குத் தமக்கை. அவர் பெயரும் தாளில் இல்லை. கப்பலேறியவரைப் பற்றிக் கேட்டோம். "பஞ்சத்துக்குப் போகலே. வேற தெருப் பொண்ணு ஒருத்தியக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அதனால வூட்டுல பேரச் சொல்றதில்ல" என்றார். பிறகு அந்தப் பெயரையும் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னார். தம் தாய், தந்தையின் தாய், பாட்டனாரின் தாய் என மூன்று பெயர்கள் தொடர்ந்து வந்தன.

தாளின் பின்புறம் வெறுமையாக இருந்தது. ஐந்து பெயர்களையும் அங்கே எழுதிக்கொண்டோம். அவருடைய பெயரையும் கேட்டு எழுதினோம்.