இரவல் கால்கள்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-லும் கார் உற்பத்தியைத் தொடங்கின. இந்த ஆலைகளிலிருந்து உருண்டு வெளியேறும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எத்தனையோ குட்டிக் கணினிகள். அவை இயங்கத் தொடங்கும்போது ஆரம்பத்திலேயே கண் விழிக்கும் நிரல் பூட்லோடர்.

சிப்பின் ஒரே கால் பல வேலை பார்க்கும். இப்போது எந்த வேலை என்பதை, ரெஜிஸ்டர் என்ற சிப்பின் உள் நினைவிடத்தில் சில பிட்டுகள் சொல்லும்; அவற்றை மாற்றி எழுதுவதும் பூட்லோடரின் வேலைகளில் ஒன்று.

தரவுக் கம்பி, கடிகாரக் கம்பி என இரண்டு கொண்ட ஐ2சி என்ற இரட்டைக் கம்பித் தடத்தைப் பாருங்கள். தகவல் படிக்கும்போது பாதியில் ரீசெட் ஆனால், எதிர்முனைச் சிப் தரவுக் கம்பியைத் தாழ்நிலையில் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கக்கூடும். குழந்தை கையில் சிக்கிய முந்தானைதான். ஐ.எம்எக்ஸ்6 சிப்புக்கான யூ-பூட் என்ற பூட்லோடரின் நிரல் அப்போது இரு கால்களையும் சாதாரண உள்ளீடு-வெளியீட்டுக் கால்களாக மாற்றி, கடிகாரக் கம்பியை ஒன்பது முறை ஆட்டும். எட்டு பிட், ஓர் ஒப்புகை; ஆக ஒன்பது. பிடி தளர்ந்ததும் கால்கள் பழைய வேலைக்கே திரும்பும்.

திரும்பும் அமைப்பை யூ-பூட் முன்கூட்டியே அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறது. வேறு சில நிரலாளர்கள் மாற்றுவதற்கு முன் அந்தக் கால்களுக்கான ரெஜிஸ்டர்களையெல்லாம் படித்துச் சேமித்து, அப்படியே திருப்பி எழுதுவார்கள். இரண்டாவதுதான் நமக்குப் பிடிக்கிறது: பக்கத்து வீட்டு அண்டாவை மூடியோடு திருப்பிக் கொடுப்பதுபோல, கம்பியை உயர்நிலையில் வைக்கும் மேலிழுப்பு மின்தடையின் அமைப்பும் தவறாமல் கூடவே திரும்பிவிடுகிறது.