கல்லாச் சாவியோடு போன சர்வர்

பத்து வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதலாளிக்கு ஒரே நிபந்தனைதான்: கணக்கு கடையில் தங்கக்கூடாது. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது கல்லாச் சாவியோடு கணக்கும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஸாம்ப் என்ற சர்வர் சாஃப்ட்வேரைப் போட்டு, புரோகிராமையும் டேட்டாபேஸையும் அதற்குள்ளேயே வைத்துக் கொடுத்தேன். காலையில் செருகினால் பில் போடலாம், இரவில் கழற்றினால் கம்ப்யூட்டர் வெறும் பெட்டி. அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. அந்த யோசனையில் எது சரி, எது தப்பு என்பதைப் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

சரியானது நிறையவே இருக்கிறது. அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி மூன்றையும் தனித்தனியாக இறக்கி, ஒன்றையொன்று அறிமுகப்படுத்தி வைப்பது ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமையையே விழுங்கும் வேலை. 2002-இல் ஜெர்மனியில் அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் குழு அவற்றை ஸாம்ப் என்று ஒரே பொட்டலமாகக் கட்டியது. ஜிப் ஃபைலாகக் கிடைக்கும் அதன் வடிவத்தை நிறுவத் தேவையில்லை, விரித்தால் போதும். சர்வரை நிறுத்திவிட்டு ஃபோல்டரைக் காப்பி செய்தால் அதுவே பேக்கப். அழித்தால் சுவடே இருக்காது.

இதன் அருமை கல்லூரி லேபில்தான் முழுசாகப் புரியும். அட்மின் பாஸ்வேர்டு மாணவர் கைக்கு வராது. பல லேப்களில் ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாவற்றையும் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் சாஃப்ட்வேர் வேறு. நேற்று மாலை செய்த புராஜெக்ட் இன்று காலை இருக்காது. அங்கே பென் டிரைவ்தான் மாணவருக்கென்று இருக்கும் சொந்த நிலம். வைவா அன்று எந்த மெஷினைக் காட்டினாலும் செருகி, லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி, புராஜெக்ட்டைக் காட்டிவிடலாம்.

காட்டிவிடலாம் என்பது பாதி உண்மை. ஒரு கம்ப்யூட்டரில் ‘இ’ என்று வரும் டிரைவ் இன்னொன்றில் ‘ஜி’ என்று வரும். ஸாம்ப் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. பாதைகளில் டிரைவ் எழுத்தையே எழுதாமல் விட்டுவிட்டால், சர்வர் எந்த டிரைவில் ஓடுகிறதோ அதிலேயே தேடிக்கொள்ளும். ஆனால் அந்த ஃபோல்டர் டிரைவின் முதல் படியிலேயே இருக்க வேண்டும். ‘ஃபைனல் புராஜெக்ட்’ என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து அதற்குள் நகர்த்திவைக்கும் ஒழுங்கான பிள்ளைக்குத்தான் சர்வர் ஏறாது! இது போக, 80-ஆம் போர்ட்டை விண்டோஸின் சொந்த சேவையே பிடித்திருக்கலாம். பிஎச்பிக்கு வேண்டிய விஷுவல் சி++ ரன்டைம் அந்த மெஷினில் இல்லாமல் இருக்கலாம். ஃபயர்வால் குறுக்கே வந்து அட்மினைக் கூப்பிடலாம். சர்வர் நம் பையில் இருந்தாலும், அது ஓடும் வீடு இன்னொருவருடையது.

இவை எரிச்சல்கள் மட்டுமே, எட்டு நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். உண்மையான கோளாறு டேட்டாபேஸை பென் டிரைவில் உட்கார வைப்பதில் இருக்கிறது. அட்டையில் அச்சிட்டிருக்கும் வேகம் ஒரு சினிமாவை மொத்தமாகக் காப்பி செய்யும்போது கிடைக்கும் வேகம். டேட்டாபேஸ் அப்படி எழுதாது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி வடிவம் 16 கேபி பக்கங்களாக இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுதும். ஃப்ளாஷ் மெமரியோ அதைவிடப் பெரிய தொகுதிகளாகத்தான் அழித்து எழுதும். ஒரு வரியைத் திருத்த ஒரு நோட்டையே பிரதி எடுப்பது மாதிரி. வேகமும் போகும், பென் டிரைவின் ஆயுளும் தேயும்.

ஈரோட்டுக் கடையில் ஆடித் தள்ளுபடி நாள். கவுன்ட்டர் முன்னால் கூட்டம். சிபியூவின் முன்பக்கத்தில் வேலை செய்யும் யூஎஸ்பி துளை ஒன்றுதான். கடைப்பையன் பாட்டுப் போடுவதற்காக என் சர்வரைப் பிடுங்கிவிட்டு, தன் பென் டிரைவைச் செருகினான். திரும்பச் செருகியபோது ஸாம்ப்பின் கன்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று சிவப்பில் ஒரு வரி. பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பழைய பழக்கத்தில் டேபிள்களை மைஐசாம் என்ற வடிவத்தில் வைத்திருந்தவன் நான். எழுதும்போது அறுந்தால் அவை தானாக எழுந்திருக்காது. இன்னோடிபியாக இருந்தால் தன் லாக்கைப் பார்த்து எழுந்திருக்கும். அதுவும் டிஸ்க் எழுதிவிட்டேன் என்று சொன்னது மெய்யாக இருந்தால்தான். மலிவான பென் டிரைவுகளிடம் அந்த நாணயத்தை எதிர்பார்க்க முடியாது. அவற்றில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32-க்கும் நடுவில் அறுந்த வேலையைச் சரிசெய்யும் ஜர்னல் கிடையாது. பில் நகல்களை வைத்து அன்று காலைக் கணக்கை நடு இரவு வரை திரும்பத் தட்டினோம்.

பென் டிரைவ் தொலைந்தால் என்ன ஆகும் என்பதை அப்போது நான் நினைத்தே பார்க்கவில்லை. ஸாம்ப்பில் டேட்டாபேஸின் ரூட் பயனருக்குப் பாஸ்வேர்டே இல்லாமல்தான் வரும். டெவலப்பர் மேஜைக்குச் செய்தது அது. நேரடிச் சேவைக்கு வேண்டாம் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். வாடிக்கையாளர் போன் நம்பர் அத்தனையும் பூட்டில்லாமல் என் முதலாளியின் சட்டைப் பையில் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் பென் டிரைவ் ஸாம்ப்புக்கு மாற்று இல்லை என்பேன். 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7, மைஎஸ்க்யூஎல்லோடு பேசும் பழைய ஃபங்ஷன்களை ஒரேயடியாக நீக்கிவிட்டது. அதற்கு முன் எழுதிய எத்தனையோ புரோகிராம்கள் புது சர்வரில் வாயே திறக்காது. அவற்றைத் திறந்து பார்க்க, பிஎச்பி 5.6 உள்ள ஸாம்ப் ஃபோல்டர் ஒன்றை இன்னும் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள் 2018-உடன் நின்றுபோன பதிப்பு அது. அதனால் நெட்டைத் துண்டித்துவிட்டுத்தான் செருகுவேன்.

புதிதாகப் படிப்பவருக்கு இன்று நான் ஸாம்ப்பைக்கூடச் சொல்வதில்லை. 2012-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. கூட எஸ்க்யூலைட் இருந்தால் ஒரு புராஜெக்ட்டுக்குத் தாராளம். ஃபைல் பெயர்களை மட்டும் சின்ன எழுத்திலேயே வைக்கச் சொல்வேன். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. ஹோஸ்டிங்கில் இருக்கும் லினக்ஸ் பார்க்கும்.

ஈரோட்டுக் கடையில் அந்தத் தள்ளுபடி நாளுக்கு மறுவாரமே சர்வரைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். இரவு கடை மூடும்போது ஒரு பட்டனை அழுத்தினால் அன்றைய கணக்கு பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப்பாக பென் டிரைவில் இறங்கும். கடையிலும் கணக்கு தங்குகிறது என்று முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பென் டிரைவை வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். பையனுக்கு இருநூறு ரூபாயில் ஒரு யூஎஸ்பி ஹப் வாங்கிக் கொடுத்தேன்.