வியப்பின் இலக்கணம்

ஊகப் புனைகதைகள் எழுதிவரும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். ஜின்களும் மாய நகரங்களும் நிறைந்த தம் கையெழுத்துப் படியைத் தந்து, "ஹஸ்ரத், எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் படித்தவர் எவரும் வியக்கவில்லை. இந்தக் கலையை எங்கே கற்பது?" என்று கேட்டார். நாம் ஓதியும் ஓதுவித்தும் வரும் அரபு நூல்களிலேயே அதற்கு விடை உண்டு என்பது என் கருத்து. அவற்றை அந்த நோக்கோடு நாம் படிப்பதில்லை என்பதே குறை.

ஸகரிய்யா அல்கஸ்வீனீ (மறைவு 1283) 'அஜாயிபுல் மக்லூகாத்' என்னும் நூலின் முன்னுரையில் வியப்புக்கு வரையறை தருகிறார். ஒன்றன் காரணத்தையோ, அது செயற்படும் முறையையோ அறிய இயலாதபோது மனிதனுக்கு நேரும் திகைப்பே வியப்பு என்பது அதன் சாரம். அவர் காட்டும் சான்று தேன்கூடு. அதை முன்பு கண்டிராதவன், செய்தவர் யாரென அறியாது திகைப்பான். தேனீயின் வேலை என்று சொன்னால் அத்திகைப்பு அடங்குவதில்லை. தேர்ந்த பொறியாளனும் கருவிகள் இருந்தும் செய்ய இயலாத சம அறுகோணங்களை இவ்வெளிய உயிர் எங்ஙனம் அமைத்தது என்று முன்னினும் மிகுகிறது. ஆக, வியப்பு பொருளின் புதுமையில் இல்லை; காரணத்தைத் தேடும் மனத்தில் இருக்கிறது. நூறு ஜின்களை அடுக்கினும் அம்மனம் கதையில் இல்லையேல் வாசகர் திகைக்கமாட்டார்.

அம்மனத்தையே கதைமாந்தராக்கியவர் அந்தலூஸின் இப்னு துஃபைல் (மறைவு 1185). அவருடைய 'ஹய்யு இப்னு யக்ளான்' ஆளில்லாத் தீவொன்றில் மான் பாலூட்டி வளர்த்த சிறுவனின் கதை. தாயாய் நின்ற மான் ஒருநாள் அசைவற்றுக் கிடக்கிறது. அவன் அழைக்கிறான், மறுமொழி இல்லை. கண்ணிலும் காதிலும் பழுதேதும் தென்படவில்லை. தன் கண்ணை மூடினால் பார்வை தடைபடுவதையும், திறந்தால் மீள்வதையும் அவன் அறிவான். அவ்வாறே மானின் உள்ளுறுப்பு ஒன்றில் தடை இருக்கலாம். அதை நீக்கினால் அது எழுந்துவிடும் என்று எண்ணுகிறான். கூரிய கற்களால் மார்பைப் பிளந்து இதயத்தை அடைகிறான். வலப்புற அறையில் உறைந்த குருதி. இடப்புற அறை வெறுமை. அங்கே குடியிருந்தது போய்விட்டது என்று உணர்கிறான். உடற்கூற்று ஆய்வும் தாயை இழந்த பிள்ளையின் தவிப்பும் இங்கே ஒரே செயலாக நிகழ்கின்றன. அறிவைக் கதையில் வைக்கும் முறைக்கு இதனினும் சிறந்த பாடத்தை நான் அறியேன்.

கதைக்கருவை எடுத்தாளும் முறையும் அடுத்த காட்சியிலேயே உண்டு. மானின் உடல் நாறத் தொடங்குகிறது. ஒரு காகம் மற்றொன்றைக் கொன்று மண்ணில் புதைப்பதைக் கண்டு, ஹய்யும் அவ்வாறே செய்கிறான். மாயிதா அத்தியாயத்தின் 31ஆம் வசனம் அறிந்தோர் அக்காகத்தை உடனே இனங்காண்பர். அங்கே அது கொலைகாரனின் வெட்கத்துக்குச் சாட்சி. இங்கே அன்புக்கு ஆசான். மூலத்தை நகலெடுக்காமல், அதற்குப் புதிய பணியைத் தந்துள்ளார் ஆசிரியர். நூலின் பிற்பகுதி இவ்வளவு சிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்ஸாலின் தீவு மக்கள் கருத்துக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறார்களேயன்றி, ஹய்யைப் போல் உயிர்பெறவில்லை.

விதியும் வரம்பும் கதையைப் பிறப்பிக்கும் என்பதற்கு 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பின் கருங்காலிக் குதிரை சான்று. இளவரசனுக்கு மேலேறும் முளை மட்டுமே காட்டப்படுகிறது. இறங்கும் முளையை வானிலே அவனே தேட வேண்டும். குதிரை பறப்பதால் மட்டும் கதை பிறக்கவில்லை. இறங்கத் தெரியாமையால் பிறக்கிறது.

இம்மரபு முற்காலத்தோடு முடிந்ததன்று. வங்கத்துப் பெண்மணி ருகையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் நம் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்தான் வெளியாயிற்று. ஆண்கள் அந்தப்புரத்துள் அடங்கிய நாடு அது. அந்நிலை மாயத்தால் வரவில்லை. முதலில் பெண்கல்வி, பின்னர் பல்கலைக்கழகங்கள், அங்கே சூரிய வெப்பத்தைத் திரட்டும் ஆராய்ச்சி, அவ்வெப்பத்தாலேயே பகைவர் தோல்வி எனக் காரணங்கள் ஒன்றையொன்று தொடர்கின்றன. நகைச்சுவை நம்மைச் சுடுவதும் அதனாலேயே.

பொய்க்கதை மார்க்கத்துக்கு ஆகுமா என்று சிலர் வினவலாம். 'மகாமாத்' முன்னுரையில் ஹரீரீ (மறைவு 1122) அதை எதிர்கொண்டிருக்கிறார். விலங்குகளும் உயிரற்றவையும் பேசும் கதைகளைக் கேட்க மறுத்தவரோ, சொன்னவரைப் பாவியென்றவரோ இல்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது அவர் வாதம். இம்முன்னுரையை நான் பல்லாண்டு பாடம் நடத்தியிருக்கிறேன், அருஞ்சொற்பொருளுக்காகவும் இலக்கணக் குறிப்புக்காகவும் மட்டுமே. கதை எவ்வாறு நடக்கிறது என்று ஒரு மாணவரையும் கேட்டதில்லை. 'நம் முன்னோர் அன்றே எழுதினர்' என்று மேடையில் பெருமை பேசுகிறோம். வகுப்பில் அந்நூல்களைச் சொற்களஞ்சியமாகச் சுருக்கிவிடுகிறோம். அம்மாணவர் வெளியே ஆசான் தேட நேர்ந்ததில் என் பங்கும் உண்டு.

படியைத் திருப்பித் தந்தபோது அவரிடம் ஒன்றே சொன்னேன்: "தம்பி, ஒரு ஜின் போதும். அதனால் எது இயலாது என்பதை முதலில் எழுதி வாருங்கள்."