முதலும் வட்டியும்: ஒரு சீமைப் பாட்டுக் கோஷ்டியும் நம் மைசூர் மகாராஜாவும்

மலர்க் குழுவினர் "இந்தத் தடவை இசையைப் பற்றி எழுதுங்க" என்று கேட்டபோது, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வைத்து நாலு பக்கம் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விடுமுறைக்கு வந்த என் பேரன் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டான். அவன் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ இங்கிலீஷ் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "இந்தக் கூச்சலை நிறுத்துப்பா" என்றேன். "தாத்தா, இது கூச்சல் இல்ல. உங்க வயசுக்காரங்க தங்களோட குருமாருங்க பாட்டைத் திரும்பப் பாடியிருக்காங்க. ஒரே ஒரு தடவை கேளுங்க" என்றான். குரு என்ற சொல் காதில் விழுந்ததால் உட்கார்ந்தேன். அன்று கேட்டதும், அதைத் தொட்டு நான் தெரிந்துகொண்டதுமே இந்தக் கட்டுரை.

சீமைக் கிழவர்கள்

அந்தக் கோஷ்டியின் பெயர் ரோலிங் ஸ்டோன்ஸ். 1962-இல் லண்டனில் தொடங்கியது. உலகம் முழுக்கப் புகழும் பணமும் சம்பாதித்த ராக் கோஷ்டி. 2015 டிசம்பரில், லண்டனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் புதுப்பாட்டுகள் பதிவு செய்யக் கூடினார்களாம். கை பழகிக்கொள்ள ஒரு பழைய ப்ளூஸ் பாட்டை வாசித்துப் பார்த்தார்கள். அது பிடித்துப்போய் மூன்றே நாளில் பன்னிரண்டு பழைய பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டார்கள். 'ப்ளூ அண்ட் லோன்சம்' என்ற பெயரில் 2016 டிசம்பர் 2-ஆம் தேதி வெளிவந்தது. பன்னிரண்டில் ஒன்றுகூட அவர்கள் எழுதியதல்ல. லிட்டில் வால்டர், ஹவ்லின் வுல்ஃப், ஜிம்மி ரீட், வில்லி டிக்சன் முதலிய கறுப்பினக் கலைஞர்கள் பாடியும் எழுதியும் வைத்தவை.

ப்ளூஸ் என்பது என்ன? அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் துக்கப்பாட்டு. நம் ஒப்பாரிக்கும் தெம்மாங்குக்கும் நடுவில் வைக்கலாம். ஓர் அடியைப் பாடுவார்கள். அதையே மறுபடியும் பாடுவார்கள். மூன்றாவது அடியில் அதற்குப் பதில் வரும். நாலு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு கட்டம் ஒரு சுற்று. கூட்டிப் பார்த்தால் நாற்பத்தெட்டு. நம் ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். இன்னொரு விசேஷம்: அவர்களுடைய காந்தாரம் பியானோவின் கட்டைக்குள் அடங்காது. நம்முடைய சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஊசலாடும். கமகம் கேட்டுப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

இந்தத் தொகுப்பைப் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். மிக் ஜாகர் வாசிக்கும் மவுத் ஆர்கன்தான் இதில் தலையாயது. குரலைவிட அதில்தான் அதிகம் அழுகிறார். இதே மாதிரிப் பாட்டுகளை 1964-இல் பாடினபோது அவர்களுக்கு இருபது சொச்சம் வயது. அந்தப் பதிவுகளையும் பேரன் போட்டுக் காட்டினான். வாலிபப் பையன்கள் தாத்தா வேஷம் கட்டினது போல இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து, பாட்டுக்கு ஏற்ற வயது வந்துவிட்டது. குறையும் உண்டு. வறுமையின் பாட்டைக் கோடீஸ்வரர்கள் பாடும்போது, எங்கோ ஓரிடத்தில் அது சுகமாகிவிடுகிறது. பன்னிரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் இரண்டு மூன்று ஒன்றுபோலவே ஒலிக்கின்றன.

பேரேட்டில் யார் பெயர்?

நான் வியாபாரி. எதையும் பற்று வரவாகப் பார்த்தே பழகிவிட்டேன். தமிழில் 'முதல்' என்றால் தொடக்கம் என்றும் பொருள், கடைக்குப் போட்ட மூலதனம் என்றும் பொருள். இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருப்பது சும்மா இல்லை என்று எனக்குப் படுகிறது.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரே மடி வாட்டர்ஸ் என்ற ப்ளூஸ் மேதையின் 1950-ஆம் வருஷத்துப் பாட்டிலிருந்து எடுத்தது. அதாவது கடைக்குப் பெயர்ப்பலகையே கடன். ஆரம்பத்தில் அந்தக் கடனை அவர்கள் மறக்கவில்லை. 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், ஹவ்லின் வுல்ஃபும் பாடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அவரை அழைத்துவரச் செய்தார்கள். ஆனால் 1969-இல் வெளியான தொகுப்பில் ராபர்ட் ஜான்சனின் பாட்டு ஒன்றுக்கு அவர் பெயர் இல்லை. வேறு ஏதோ பெயர் போட்டிருந்தது. ஜான்சன் 1938-இலேயே இறந்துபோனவர். கேட்பாரில்லை. பேரேட்டில் கடன் கொடுத்தவர் பெயர் தவறினால், அது எவ்வளவு பெரிய கடையானாலும் கணக்கு நேராகாது.

2016-ஆம் வருஷத்துத் தொகுப்பில் பன்னிரண்டு பாட்டுக்கும் எழுதினவர் பெயர் இருக்கிறது. புதிதாக மெருகேற்றவில்லை, நவீனப்படுத்தவில்லை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்ததை அப்படியே பதிவு செய்திருக்கிறார்கள். ஐம்பது வருஷம் வட்டியில் வாழ்ந்தவர்கள் முதலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்த மாதிரி. சார்லி வாட்ஸ் 2021-இல் காலமான பிறகு, 2023-இல் வெளியிட்ட தொகுப்பின் கடைசிப் பாட்டாக, தங்களுக்குப் பெயர் தந்த அந்த மடி வாட்டர்ஸ் பாட்டையே பாடியிருக்கிறார்கள்.

நம்ம ஊர்க் கணக்கு

இதைக் கேட்டு நான் மெச்சிக்கொண்டிருந்தபோது பேரன் ஒரு கேள்வி போட்டான்: "நம்ம மைசூர்ல இப்படி யாராவது இருக்காங்களா தாத்தா?" யோசிக்கவே வேண்டாம், ஜெயசாமராஜ உடையார் இருக்கிறாரே என்றேன்.

1919-இல் பிறந்து 1940-இல் பட்டத்துக்கு வந்தவர். நம் சென்னை மாநிலத்துக்கு 1964 முதல் 1966 வரை கவர்னராகவும் இருந்தார். இளமையில் அவர் மனம் முழுக்க மேல்நாட்டு சங்கீதத்தில். பியானோ வித்வானாக வேண்டும் என்பதே ஆசை. லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் பட்டம் பெற்றவர். வறுமையில் வாடிய மெட்னர் என்ற ரஷ்ய இசைமேதையின் படைப்புகள் இசைத்தட்டாக வெளிவரப் பொருளுதவி செய்தார். மெட்னர் தம் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். 1950 மே 22-ஆம் தேதி, மறைந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் நான்கும் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது, அதற்கும் பணப் பொறுப்பு ஏற்றவர் நம் மகாராஜாதான்.

அப்படிப்பட்டவர் 1940-களின் நடுவில் கர்நாடக சங்கீதத்தின் பக்கம் திரும்பி, தொண்ணூற்று நான்கு கிருதிகள் இயற்றினார். சமஸ்கிருத சாகித்தியம், 'ஸ்ரீவித்யா' என்ற முத்திரை, ஒவ்வொன்றும் வேறு வேறு ராகம். அரசர் என்பதற்காகச் சலுகை கேட்காமல் வித்வான்களிடம் மாணவராக இருந்து கற்றார். வீணைக்கு வெங்கடகிரியப்பா, கிருதிகளுக்கு வழிகாட்டி மைசூர் வாசுதேவாச்சாரியார்.

இங்கே தமிழர்களாகிய நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசுதேவாச்சாரியார் யாரிடம் கற்றார்? மைசூர் அரண்மனை உதவியோடு திருவையாற்றுக்குப் போய், பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் கற்றார். உடையாரின் கிருதிகளோ திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் போட்ட பாதையில் நடப்பவை. தேவி உபாசனை, சாகித்தியத்திலேயே ராகத்தின் பெயரைச் சேர்ப்பது, நிதானமான நடை எல்லாம் அந்தப் பாதைதான். காவிரி இங்கிருந்து அங்கே போகிறது. சங்கீதம் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. தீட்சிதர் வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளுக்கு சாகித்தியம் எழுதியவர். பட்டணம் ஐயரின் கதனகுதூகலத்தில் பேண்டு வாடை அடிக்கும். ஹரிகேசநல்லூரிலிருந்து வந்து இங்கே ஆஸ்தான வித்வானாக இருந்த முத்தையா பாகவதரும் இங்கிலீஷ் நோட்டு செய்தார். மேல்நாட்டு சங்கீதத்தைத் தூரத்திலிருந்து கேட்ட இவர்களெல்லாம் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதைக் கரைத்துக் குடித்த உடையாரின் கிருதிகளில், நான் கேட்டவரை, பியானோவின் சாயல் தெரியவில்லை. நன்றாகத் தெரிந்தவர் கலக்கமாட்டார். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

குறையும் சொல்ல வேண்டும். அவருடைய சாகித்தியம் கனமானது. நீண்ட தொகைச்சொற்கள், மந்திர சாஸ்திரச் சொற்கள். அர்த்தம் தெரியாதவருக்கு ராகம் மட்டுமே மிஞ்சும். வாசுதேவாச்சாரியாரின் கமாஸ் கிருதியில் உள்ள நெகிழ்ச்சி இங்கே குறைவு. ஆனாலும் கம்பீர நாட்டையில் 'ஸ்ரீ ஜாலந்தரம்' என்று எடுக்கும்போது சபை நிமிர்ந்து உட்காருகிறது.

என் பாக்கி

இதையெல்லாம் பேரனிடம் சொல்லி முடித்தேன். அவன் விடவில்லை. "அவர் பாட்டு ஒண்ணு போடுங்க தாத்தா" என்றான். தேடி, இந்தக் கம்பீர நாட்டைக் கிருதியைப் போட்டோம். போட்ட உடனே எனக்கு உடம்பு கூசிப்போச்சு. ஏனென்றால் அதை நான் நாற்பது வருஷமாகக் கச்சேரிகளில் கேட்டிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன், தீட்சிதர் கிருதி என்றே நினைத்திருக்கிறேன். தினமும் அரண்மனையைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறவன், மகாராஜா மேல்நாட்டு சங்கீதத்துக்கு அள்ளிக்கொடுத்ததை ஒப்பிக்கத் தெரிந்தவன், என் காதுக்குள் இருந்த பாட்டு அவருடையது என்று அறியவில்லை. ராபர்ட் ஜான்சன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று சீமைக்காரர்களைக் குறை சொன்னேனே, நான் செய்தது என்ன?

வெளி மாநிலத்தில் இருக்கும் நாம் 'வேர்' என்ற சொல்லை மேடைக்கு மேடை பேசுகிறோம். பொங்கல் விழாவில் குழந்தைகள் பட்டுப் பாவாடை கட்டி, கன்னட எழுத்திலோ இங்கிலீஷிலோ எழுதி வைத்துக்கொண்டு தமிழ்ப்பாட்டுப் பாடுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை; கை தட்டுகிறவன்தான் நான். ஆனால் வேருக்குத் திரும்புவது என்பது உடுப்பு மாற்றுவது இல்லை. யாரிடமிருந்து வாங்கினோம் என்று தெரிந்து, அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வது. அந்தச் சீமைக் கிழவர்களால் திரும்ப முடிந்ததற்குக் காரணம், இருபது வயதில் உட்கார்ந்து கற்றிருந்தார்கள். உடையாரால் முடிந்ததற்குக் காரணம், குருவின் முன் உட்கார்ந்தார். ஒன்றும் கொடுத்து வைக்காவிட்டால் நம் பிள்ளைகள் எதற்குத் திரும்புவார்கள்?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த விழாவில் குழந்தை மேடையேறினதும், பாட்டை எழுதினவர் பெயர், அவர் ஊர், ராகமோ மெட்டோ எது என்று குழந்தையே தன் வாயால் சொல்லிவிட்டுப் பாடட்டும். அரை நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். செலவு ஒன்றுமில்லை. கணக்கு நேராகிவிடும்.